‘பிசிக்ஸ் உங்கள் மகளுக்குச் சரிப்படாது’ என்று பள்ளியில் சொன்னால்...

கேள்வி:

வணக்கம் மேடம். நான் மதுரைக்காரி. லண்டனுக்கு வந்து 18 ஆண்டுகள் ஆகின்றன. என் கணவர் இங்கேயே பிறந்தவர். அவருடைய பெற்றோர் ஜமைக்காவிலிருந்து வந்தவர்கள். எங்கள் ஒரே மகளுக்கு 13 வயது, இயர் 9 படிக்கிறாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வானம், ராக்கெட், கிரகம் என்றுதான் பேச்சு. போன மாதம் பேரண்ட்ஸ் ஈவினிங்கில் அவளுடைய ஆசிரியர், “நன்றாக ஓடுகிறாள், மேடையில் தைரியமாக நிற்கிறாள், ஸ்போர்ட்ஸ், டிராமா எடுக்கட்டுமே, பிசிக்ஸ் அவளுக்குச் சுமையாகிவிடும்” என்றார். கணக்கிலும் இந்த ஆண்டு ஒரு செட் (மதிப்பெண் பார்த்துப் பிரிக்கும் வகுப்பு) கீழே இறக்கியிருக்கிறார்கள். காரணம் சொல்லவில்லை. கறுப்பின வரலாற்று மாதம் என்று அக்டோபரில் பள்ளிச் சுவரில் ஒட்டிய படங்களில் பாடகர்களும் ஓட்டக்காரர்களும் கால்பந்து வீரர்களும்தான். “அம்மா, என்னை மாதிரி இருக்கிற யாராவது பிசிக்ஸ் படிச்சிருக்காங்களா?” என்று மகள் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

கணவர், “நாம மத்தவங்களைவிட ரெண்டு மடங்கு உழைக்கணும், அவ்வளவுதான்” என்கிறார். அவருடைய அண்ணனைச் சிறு வயதில் ‘வேற ஸ்கூலுக்கு’ அனுப்பினார்கள் என்று ஒரு முறை சொன்னார். அதற்கு மேல் பேசுவதில்லை. மாமியாருக்கு 82 வயது. 1962-ல் நர்ஸ் வேலைக்காக வந்தவர், ‘பார்ட்னர்’ என்ற கூட்டுச் சேமிப்பில் பணம் போட்டு வீடு வாங்கியவர். மதுரையிலிருந்து வீடியோவில் பேசும் என் அத்தையோ, மகள் பக்கத்தில் இருக்கும்போதே, “கலர் மட்டும் அப்பா மாதிரி ஆயிடுச்சு, போகட்டும்” என்கிறார். நான் கறுப்பினத்தவள் இல்லை. பள்ளியில் போய் இந்தப் பேச்சை எடுக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? எடுத்தால் மகளிடம்தானே காட்டுவார்கள்?

– பெயர் வேண்டாம், தெற்கு லண்டன்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மகள் கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அப்புறம்.

இருக்கிறார். பெயர் மேகி அடெரின்-போக்காக். நைஜீரியாவிலிருந்து வந்த பெற்றோருக்கு 1968-ல் லண்டனில் பிறந்தவர். நான்கு வயதில் பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். மாறி மாறி 13 பள்ளிகளில் படித்தார். டிஸ்லெக்சியாவும் இருந்ததால், வகுப்பின் பின்வரிசையில் கத்தரிக்கோலும் பசையும் கொடுத்து உட்காரவைக்கப்பட்ட பிள்ளை. விண்வெளி வீராங்கனை ஆக வேண்டும் என்று ஆசிரியரிடம் சொன்னபோது, ‘நர்ஸிங் படியேன், அதுவும் அறிவியல்தானே’ என்று பதில் வந்ததாக அவரே பல முறை சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் இம்பீரியல் கல்லூரியில் பிசிக்ஸ் படித்து, 1994-ல் மெக்கானிக்கல் இன்ஜினியரிங்கில் டாக்டர் பட்டம் வாங்கினார். இன்று விண்வெளியில் இருக்கும் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியில் ஒளியைப் பிரித்துப் பார்க்கும் ஒரு கருவி இருக்கிறது. அதற்காக வேலை செய்தவர்களில் அவரும் ஒருவர். 2024 புத்தாண்டு விருதுப் பட்டியலில், ஆண்களுக்கான ‘சர்’ பட்டத்துக்கு இணையான டேம் பட்டம் கிடைத்தது.

இதை இன்றைக்கு இரவே மகளிடம் சொல்லுங்கள். ஆனால் இந்த ஒரு பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். 20 ஆண்டுகளுக்கும் மேலாக லண்டன் பள்ளிகளில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசிவருகிறேன். சுவரில் ஒரு சாதனையாளரின் படத்தைப் பார்க்கும் பிள்ளைகளில் பலர், ‘அவங்க ஜீனியஸ், அதனால வந்துட்டாங்க, நான் அப்படி இல்லையே’ என்றுதான் என்னிடம் சொன்னார்கள். தனி ஆளாக நிற்கும் படம் ஒரு பிள்ளைக்கு வழி காட்டாது. அந்த ஆள் வந்த பாதையில் எந்த இடத்தில் அடைப்பு இருந்தது, யார் யார் சேர்ந்து அதை எடுத்தார்கள் என்று தெரிந்தால்தான் அது அவளுக்குப் பயன்படும். உங்கள் மகளுக்கு அதைச் சொல்லித்தர வெளியில் தேடவே வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே எல்லாம் இருக்கிறது.

நர்ஸிங் என்று அந்த ஆசிரியர் சொன்னதையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டிலேயே ஒரு நர்ஸ் இருக்கிறார்.

எம்பயர் விண்ட்ரஷ் கப்பல் கரீபியன் தீவுகளிலிருந்து வந்தவர்களை டில்பரி துறைமுகத்தில் இறக்கியது 1948 ஜூன் 22-ல். தேசிய மருத்துவச் சேவை தொடங்கியது அதே ஆண்டு ஜூலை 5-ல். இரண்டுக்கும் நடுவில் இரண்டு வாரம்கூட இல்லை. அந்த மருத்துவமனைகளை நடத்த ஆள் போதாமல், ஜமைக்கா, பார்படோஸ், டிரினிடாட் என்று பல தீவுகளிலிருந்து இளம் பெண்களைக் கூப்பிட்டார்கள். வந்தவர்களுக்கு இரண்டு விதப் பயிற்சி இருந்தது. மூன்று ஆண்டு படித்தால் எஸ்.ஆர்.என்., அதாவது பதிவு பெற்ற நர்ஸ். இரண்டு ஆண்டு படித்தால் எஸ்.இ.என்., அதற்குக் கீழ்ப்படி நர்ஸ். முதலாவது வழியில் போனவர் வார்டு சிஸ்டர், மேட்ரன் என்று மேலே போகலாம். இரண்டாவது வழியில் போனவருக்கு அங்கேயே சுவர்; அந்தத் தகுதியைப் பல கரீபியன் நாடுகளில் ஏற்றுக்கொள்ளவும் இல்லை. கரீபியனிலிருந்து வந்த பெண்களில் ஏராளமானோரை இரண்டாவது வழியில்தான் தள்ளினார்கள். எஸ்.ஆர்.என். படிக்கத் தேவையான மதிப்பெண் இருந்தவர்களுக்கும் அதே கதிதான். கையெழுத்துப் போட்ட அன்று பலருக்கு வித்தியாசமே தெரியாது. சில ஆண்டு கழித்து, தாங்கள் வேலை கற்றுக்கொடுத்த பெண்கள் தங்களுக்கு மேலே போனபோதுதான் தெரிந்தது.

உங்கள் மாமியாருக்கு எந்த வழி கிடைத்தது என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது என்று நினைக்கிறேன், ஏனென்றால் நீங்கள் எழுதவில்லை. கேளுங்கள். நீங்கள் கேட்பதைவிடப் பேத்தி கேட்டால் இன்னும் நல்லது. அந்தக் காலத்து நர்ஸ்கள் தங்கள் பேட்ஜைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். அதை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், போனில் பதிவு செய்யுங்கள். 82 வயது என்கிறீர்கள்; இதை அடுத்த லீவுக்குத் தள்ளிப் போடாதீர்கள்.

இங்கே ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். மேகியின் கதையைக் கேட்டு உங்கள் மகள் நர்ஸ் வேலையைத் தாழ்வாக நினைத்துவிடக் கூடாது. பாட்டியின் வாழ்க்கை அது. டேம் எலிசபெத் அனியோன்வுவைப் பற்றியும் அவளிடம் சொல்லுங்கள். 1947-ல் பர்மிங்காமில் ஐரிஷ் தாய்க்கும் நைஜீரியத் தந்தைக்கும் பிறந்து, சிறு வயதில் பல ஆண்டுகள் கன்னியாஸ்திரிகள் நடத்திய காப்பகத்தில் வளர்ந்தவர். அங்கே இவருடைய எக்ஸிமாவுக்கு வலிக்காமல் மருந்து போட்ட ஒரு கன்னியாஸ்திரியைப் பார்த்துத்தான் நர்ஸ் ஆக ஆசைப்பட்டார். சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த நோய் பெரும்பாலும் கறுப்பினக் குடும்பங்களைப் பாதித்ததால் இங்கே அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத காலத்தில், 1979-ல் பிரெண்ட் பகுதியில் அதற்கான முதல் ஆலோசனை மையத்தை உருவாக்கினார். பின்னாளில் நர்ஸிங் பேராசிரியர் ஆனார். 2022-ல், ஒரே நேரத்தில் 24 பேருக்கு மேல் இருக்க முடியாத ஆர்டர் ஆஃப் மெரிட் என்ற அரச விருது கிடைத்தது. (அதே சிக்கிள் செல் நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடமும் இருப்பது 1952-லேயே கண்டறியப்பட்டது. மகளின் இரண்டு பக்கத்துக்கும் சொந்தமான விஷயம் இது.) ஆகவே நர்ஸிங் சின்ன வேலை என்பது என் வாதமே இல்லை. எந்தக் கதவு என்று அந்தப் பெண்ணைக் கேட்காமலே வேறொருவர் முடிவு செய்ததுதான் என்னை உறுத்துகிறது.

அடுத்து உங்கள் கணவரின் அண்ணன். ‘வேற ஸ்கூல்’ என்று படித்ததும் எனக்கு மனம் கனத்துவிட்டது. நான் ஊகிப்பது சரியென்றால், அது இ.எஸ்.என். பள்ளியாக இருக்கலாம். கல்வியில் இயல்புக்குக் கீழானவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட பிள்ளைகளுக்கான பள்ளி. பாட்டி தலைமுறையில் பலருக்கு எஸ்.இ.என்., அவர்களுடைய பிள்ளைகளில் பலருக்கு இ.எஸ்.என். அதே மூன்று எழுத்துகள்தான், இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன.

1960-களிலும் 70-களிலும் லண்டனில் கரீபியன் குடும்பத்துப் பிள்ளைகளை, அவர்களுடைய எண்ணிக்கைக்குச் சற்றும் பொருந்தாத அளவில், அந்தப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். வீட்டில் பேசும் ஜமைக்கா மொழியைப் பிழையான ஆங்கிலம் என்று கணக்கு வைத்தார்கள். கடல் கடந்து வந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு அம்மாவைப் பார்க்கும் குழந்தை பேசாமல் இருந்தால் மந்தம் என்றார்கள். ‘ஸ்பெஷல் ஸ்கூல்’ என்று சொன்னதைப் பெற்றோர் ஏதோ நல்ல பள்ளி என்று நம்பிக் கையெழுத்துப் போட்டார்கள். இதை 1971-ல் ஒரு சிறு நூலில் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர் கிரெனடாவைச் சேர்ந்த பெர்னார்ட் கோர்ட். அப்படிப்பட்ட பள்ளிகளிலேயே ஆசிரியராக இருந்து பார்த்தவர். அவருடைய பிற்கால அரசியல் வேறு, கசப்பான கதை. ஆனால் அந்த நூல் பெற்றோரை எழுப்பிவிட்டது. அதைப் பதிப்பித்தது நியூ பீக்கன் புக்ஸ். டிரினிடாடிலிருந்து வந்த ஜான் லா ரோஸ், சாரா வைட்டோடு சேர்ந்து 1966-ல் தொடங்கிய பதிப்பகம், புத்தகக் கடை. அந்த முத்திரை சட்டத்திலிருந்து நீங்க 1981-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதை எல்லாம் உங்கள் கணவரிடம் வற்புறுத்திக் கேட்காதீர்கள். வீட்டில் ஒரு பிள்ளையை ‘கீழானவன்’ என்று சொல்லி அழைத்துப்போனதைப் பார்த்த தம்பி அவர். அந்த மௌனத்துக்குள் வெட்கம் இருக்கும், பயம் இருக்கும். ‘உன் அண்ணனிடம் குறை இல்லை, இது ஒரு நகரம் முழுக்க நடந்தது’ என்று மட்டும் ஒரு நாள் சொல்லுங்கள். பேசுவதும் பேசாததும் அவர் விருப்பம்.

சரி, இப்போது உங்கள் மகளுக்கு வருகிறேன். பிசிக்ஸ் வேண்டாம் என்றதைவிடக் கணக்கில் செட் இறக்கியதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. நீங்கள் அதை ஒரே வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள்.

16 வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ தேர்வில், கணக்குக்கு இரண்டு தாள் வகை உண்டு. ஹையர் டியர் எழுதினால் 9 வரை கிரேடு வாங்கலாம். ஃபவுண்டேஷன் டியர் எழுதினால் உச்சம் 5. எல்லாக் கேள்விக்கும் சரியாக எழுதினாலும் 5-தான். அறிவியலிலும் இதே இரண்டு வகை இருக்கிறது. அதற்கடுத்த இரண்டு ஆண்டுப் படிப்பான ஏ லெவலில் பிசிக்ஸ் எடுக்கப் பெரும்பாலான பள்ளிகள் கணக்கிலும் அறிவியலிலும் 6 அல்லது 7 கேட்கும். ஃபவுண்டேஷன் தாளில் அந்த எண்ணே கிடையாது. அதாவது இயர் 9-ல் எந்த செட்டில் உட்காருகிறாள் என்பது, இயர் 11-ல் எந்தத் தாள் எழுதுவாள் என்பதை நோக்கி அவளை மெல்ல மெல்ல நகர்த்தும். யாரும் ‘உன்னால் விஞ்ஞானி ஆக முடியாது’ என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஒரு செட், அப்புறம் ஒரு தாள், அப்புறம் ஒரு கிரேடு என்று அது தானாக நடந்துவிடும்.

நான் மிகைப்படுத்தவில்லை. இங்கிலாந்தில் 14 வயதில் எழுதிய தேசியத் தேர்வுகளின் தரவை வைத்து ஸ்டீவ் ஸ்ட்ராண்ட் என்ற கல்வி ஆய்வாளர் 2012-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். முந்தைய மதிப்பெண், குடும்ப வருமானம், பள்ளி, வசிக்கும் பகுதி எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும், கரீபியன் வம்சாவளிப் பிள்ளைகள் மேல் தாளுக்கு அனுப்பப்படுவது வெள்ளைப் பிள்ளைகளைவிடக் குறைவு என்று அதில் தெரிந்தது. ஆசிரியர்களில் பெரும்பாலோர் கெட்ட எண்ணத்தோடு இதைச் செய்வதில்லை. துறுதுறுப்பான பிள்ளையைப் பார்த்ததும் ‘ஓட்டம், மேடை’ என்று மனம் போகிறது, அமைதியான பிள்ளையைப் பார்த்ததும் ‘படிப்பு’ என்று போகிறது. அதைச் சரிபார்க்க யாரும் நிறுத்துவதில்லை.

நானும் நிறுத்தவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பள்ளியில் செட் பிரிக்கும் கூட்டத்தில் இருந்தேன். கானாவிலிருந்து வந்த குடும்பத்துப் பையன் ஒருவன். அவன் எடுத்த அதே மதிப்பெண்ணை எடுத்த வேறு இரண்டு பேர் மேல் செட்டில் இருந்தார்கள். இவனைக் கீழே போட்டார்கள். காரணம் ‘ஆட்டிட்யூட்’ என்றார்கள். பட்டியல் என் கையில் இருந்தது, மூன்று எண்களும் ஒன்றுதான் என்று பார்த்தேன், புதியவள் என்பதால் வாயைத் திறக்கவில்லை. தேர்வில் அவன் தனக்குக் கொடுத்த தாளில் எடுக்க முடிந்த உச்ச கிரேடை எடுத்தான். அதற்கு மேல் எடுக்க அந்தத் தாளில் இடம் இல்லை. ரிசல்ட் வந்த அன்று சந்தோஷமாக என்னிடம் வந்து காட்டினான். அவன் முகம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. உங்களை விரட்டி விரட்டி எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அதனால் பள்ளிக்கு எழுதுங்கள். போனில் வேண்டாம், மின்னஞ்சலாகவே அனுப்புங்கள். கணக்குத் துறைத் தலைவருக்கும் இயர் 9 பொறுப்பாசிரியருக்கும் ஒரே மின்னஞ்சல் போதும். கோபம், குற்றச்சாட்டு எதுவும் வேண்டாம். ‘என் மகளை எந்தத் தேர்வு மதிப்பெண்ணின் அடிப்படையில் செட் மாற்றினீர்கள்? மேல் செட்டில் இருப்பதற்கான எல்லை மதிப்பெண் என்ன? இந்த செட்டில் ஹையர் பாடத்திட்டம் நடத்தப்படுகிறதா? அடுத்த மறுபரிசீலனை எப்போது? அவள் ஏ லெவலில் பிசிக்ஸ் எடுக்க விரும்புகிறாள். அதற்கு இப்போது என்ன செய்ய வேண்டும்?’ இவ்வளவுதான். கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அவளுடைய விருப்பம் எழுத்தில் பதிவாகிவிட்டால், அடுத்து முடிவெடுப்பவர் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். மகளிடம் காட்டுவார்களோ என்று பயப்படுகிறீர்கள். கேள்வி கேட்கும் பெற்றோர் இருக்கிறார்கள் என்று தெரிந்த பிள்ளையைப் பள்ளி கூடுதல் கவனத்தோடு நடத்துவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். மழுப்பலான பதில் வந்தால், அடுத்த கடிதத்தில், கரீபியன் வம்சாவளிப் பிள்ளைகளும் கலப்புப் பின்னணிப் பிள்ளைகளும் ஒவ்வொரு செட்டிலும் எவ்வளவு விகிதம் என்று கேளுங்கள். 2010 சமத்துவச் சட்டம் பள்ளிகளையும் கட்டுப்படுத்துகிறது. அப்படிக் கேட்பது வம்பு ஆகாது.

உரிமை பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்தக் கேள்வியால் நீங்கள் தூங்காமல் இருந்திருப்பீர்கள் என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது.

யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த அம்பலவாணர் சிவானந்தன், 1958-ல் இலங்கையில் தமிழர்மீது வன்முறை பாய்ந்தபோது அங்கிருந்து லண்டன் வந்தார். வந்த சில மாதத்தில் நாட்டிங் ஹில்லில் வெள்ளைக் கும்பல்கள் கரீபியன் மக்களைத் தேடித் தேடித் தாக்குவதைப் பார்த்தார். இரண்டும் ஒன்றுதான் என்று அவருக்கு அன்றே புரிந்தது. நூலகராகச் சேர்ந்து, 1973-ல் இனஉறவு ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர் ஆனார். வாழ்நாள் முழுவதும் இந்த நாட்டுக் கறுப்பின மக்களின் போராட்டத்தைத் தன் போராட்டமாகவே நடத்தினார். 1970-களில் ஆசியர்களும் கரீபியன்களும் ‘கறுப்பு’ என்ற ஒரே பெயரின் கீழ் சேர்ந்து நின்றார்கள். 1978-ல் ஆப்பிரிக்க, ஆசிய வம்சாவளிப் பெண்கள் சேர்ந்து ஒரே அமைப்பையே கட்டினார்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். 1963-ல் பிரிஸ்டல் நகரப் பேருந்து நிறுவனம் கறுப்பினத்தவரை ஓட்டுநராகவோ நடத்துநராகவோ சேர்க்க மறுத்தது. கை பெய்லி என்ற இளைஞருக்கு நேர்காணல் ஏற்பாடாகியிருந்தது. அவர் ஜமைக்காக்காரர் என்று தெரிந்ததும் ரத்து செய்தார்கள். பால் ஸ்டீபன்சன், ராய் ஹாக்கெட் முதலானோர் முன்னின்று, அந்தப் பேருந்துகளில் ஏறுவதில்லை என்று மக்களைத் திரட்டினார்கள். நான்கு மாதம். ஆகஸ்ட் 28-ல் நிறுவனம் இறங்கிவந்தது. அடுத்த மாதம் வேலைக்குச் சேர்ந்த, வெள்ளையரல்லாத முதல் நடத்துநர் யார் தெரியுமா? ரக்பீர் சிங் என்ற சீக்கியர். கரீபியன் மக்கள் நடந்தே போய்த் திறந்த கதவில் முதலில் நுழைந்தவர் நம் நாட்டுக்காரர். அதற்குப் பிறகு வந்த 1965, 1968 இனஉறவுச் சட்டங்களின் நிழலில்தான் நீங்களும் நானும் இங்கே வேலை பார்க்கிறோம், வீடு எடுக்கிறோம். பள்ளியில் போய்க் கேட்க உங்களுக்கு என்ன உரிமை என்கிறீர்களே. பெற்ற தாய் என்ற உரிமையே போதும். அதற்கு மேலும் இவ்வளவு இருக்கிறது.

அரசாங்கப் படிவங்களில் உங்கள் மகளுக்குப் பெட்டியே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வெள்ளை-கரீபியன் கலப்புக்கு ஒரு பெட்டி உண்டு, வெள்ளை-ஆப்பிரிக்கன் கலப்புக்கு உண்டு, வெள்ளை-ஆசியன் கலப்புக்கு உண்டு. ஜமைக்காவும் மதுரையும் சேர்ந்த பிள்ளை ‘வேறு ஏதேனும்’ என்பதில் டிக் போட வேண்டும். இந்த வயதில் அது வலிக்கும். அவளை எந்தப் பக்கம் என்று யாரும் கேட்காத இடமாக உங்கள் வீடாவது இருக்க வேண்டும்.

ஆகவே அத்தையைப் பற்றி. அடுத்த முறை அவர் அப்படிச் சொன்னால் சிரித்து மழுப்பாதீர்கள், பேச்சை மாற்றாதீர்கள். “அத்தை, எம்பொண்ணு நெறத்தைப் பத்தி இனிமே பேசாதீங்க. எனக்குப் பிடிக்கலை” என்று மகள் காதில் விழும்படி சொல்லுங்கள். அத்தை முகம் சுளிப்பார், இரண்டு வாரம் போன் வராது. பரவாயில்லை. பள்ளிச் சுவரில் யார் படம் இல்லை என்று கவலைப்படுகிறோம்; நம் கூடத்திலேயே ‘அது மட்டும் சரியில்லை’ என்று ஒருவர் சொல்ல அம்மா பேசாமல் இருந்தால், அந்தப் பிள்ளை எதை நம்பும்?

கணவர் சொல்லும் இரண்டு மடங்கு உழைப்பு இருக்கிறதே, அது கரீபியன் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வரும் பேச்சு. அவர் வாழ்க்கையில் அது உண்மையாகத்தான் இருந்திருக்கும். இன்றும் பொய் என்று சொல்ல மாட்டேன். 2021 கணக்கெடுப்பின்படி இங்கிலாந்து, வேல்ஸில் கறுப்பினத்தவர் 24 லட்சம் பேர், மக்கள்தொகையில் 4 சதவீதம். பிரிட்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர்களிலோ நூற்றுக்கு ஒருவர் அளவில்தான். இந்த எண்ணை மகளிடம் மறைக்க வேண்டாம், 13 வயதில் அவளுக்கே புரியும். ஆனால் உழைப்பை மட்டும் சொல்லிக் கொடுத்தால், சறுக்கும்போதெல்லாம் ‘நான்தான் போதுமான அளவு உழைக்கவில்லை’ என்று தன்னையே குறை சொல்லிக்கொள்வாள். தனியாக இரண்டு மடங்கு உழைப்பதைவிடச் சேர்ந்து உழைப்பதில்தான் அவளுடைய பாட்டி தலைமுறை மேலே வந்தது.

மாமியார் பார்ட்னர் போட்டு வீடு வாங்கியதாக எழுதியிருந்தீர்கள். அது நம்ம சீட்டேதான். பத்துப் பேர் வாரா வாரம் ஒரு தொகை கட்டுவார்கள், பொறுப்பானவரை ‘பேங்கர்’ என்பார்கள், முறை வரும்போது மொத்தத் தொகையும் ஒருவர் ‘ஹேண்ட்’ ஆக எடுப்பார். டிரினிடாடில் இதற்கு சூசூ என்று பெயர். அந்தப் பெயரும் வழக்கமும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து, அடிமைக் கப்பல்களில் வந்த மக்களோடு வந்தவை. லண்டனில் வங்கிகள் கடன் தர மறுத்து, வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்தியபோது, இந்தச் சீட்டுப் பணத்தில் முன்பணம் கட்டித்தான் பிரிக்ஸ்டனிலும் ஹாக்னியிலும் பலர் வீடு வாங்கினார்கள்.

படிப்பிலும் அதையேதான் செய்தார்கள். நான் சொன்ன ஜான் லா ரோஸ் 1969-ல் தன் வீட்டிலேயே பிள்ளைகளை உட்காரவைத்து ஜார்ஜ் பேட்மோர் பெயரில் ஒரு சப்ளிமெண்டரி ஸ்கூல் தொடங்கினார். அதே ஆண்டு ஹாரிங்கே பகுதியில் பிள்ளைகளைத் தரம் பிரிக்கும் திட்டத்தைக் கரீபியன் பெற்றோர் எதிர்த்துப் போராடினார்கள். தேவாலயக் கூடங்களிலும் வீட்டு முன்னறைகளிலும் சனிக்கிழமைப் பள்ளிகள் பெருகின. கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுத்து, கூடவே ஆப்பிரிக்க, கரீபியன் வரலாறும் நடத்தினார்கள். வார இறுதியில் நம் பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டிப்போகிறோமே, அதே உழைப்பு. இன்றும் தெற்கு லண்டனில் அப்படிப்பட்ட பள்ளிகள் நடக்கின்றன. மாமியார் போகும் தேவாலயத்தில் விசாரித்தால் அடுத்த வாரமே ஒன்று கிடைக்கும். மகளைச் சேருங்கள். கணக்கில் ஒரு செட் ஏறுவதற்கும் உதவும், தன்னைப் போன்ற பிள்ளைகள் கணக்குப் போடுவதை அவள் கண்ணால் பார்ப்பதற்கும் உதவும். பெண் பிள்ளைகளுக்கு அறிவியல், தொழில்நுட்ப நிகழ்ச்சிகள் நடத்தும் ஸ்டெமெட்ஸ் என்ற அமைப்பையும் பாருங்கள். 2013-ல் ஆன்-மேரி இமாஃபிடன் தொடங்கியது. பிரிட்டனில் உள்ள கறுப்பின இயற்பியலாளர்கள் ‘பிளாக்கெட் லேப் ஃபேமிலி’ என்ற பெயரில் சேர்ந்து இயங்குகிறார்கள். ‘என்னை மாதிரி யாராவது இருக்காங்களா’ என்று உங்கள் மகள் கேட்டதற்கு, ஒரு பெயரை விட, ஒரு கூட்டமே இருக்கிறது என்று காட்டலாம்.

பள்ளிச் சுவர் விஷயத்தில் எனக்கு ஒரு யோசனை. அடுத்த அக்டோபருக்கு ஒரு பலகை தன் பொறுப்பில் வேண்டும் என்று மகளே கேட்கட்டும். பாடகர்களை எடுக்கச் சொல்ல வேண்டாம், அவர்களும் இருக்கட்டும். பக்கத்தில் கிளாடியா ஜோன்ஸ் இருக்கலாம். டிரினிடாடில் பிறந்து, அமெரிக்காவிலிருந்து வெளியேற்றப்பட்டு, 1958-ல் பிரிக்ஸ்டனில் கரீபியன் மக்களுக்கென்று பத்திரிகை தொடங்கியவர். நாட்டிங் ஹில் தாக்குதல்களுக்குப் பதிலாக 1959 ஜனவரியில் செயின்ட் பாங்க்ரஸ் டவுன் ஹாலில் கரீபியன் கார்னிவல் நடத்தியவர். டயன் அபாட்டும் இருக்கலாம். 1987-ல் நாடாளுமன்றத்துக்குப் போன முதல் கறுப்பினப் பெண். அவருடைய அம்மாவும் ஜமைக்காவிலிருந்து வந்த நர்ஸ்தான். நடுவில் பாட்டியின் படம், அவருடைய பேட்ஜ், அவர் வாயால் சொன்ன நான்கு வரி.

ஜிசிஎஸ்இ பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் ஆப்ஷன்ஸ் படிவம் இன்னும் சில வாரத்தில் வந்துவிடும். ஜிசிஎஸ்இ-யில் மூன்று அறிவியலையும் தனித்தனியாக எடுக்க வாய்ப்பு இருந்தால் அதைக் கேளுங்கள். மூன்றையும் சேர்த்து நடத்தும் கம்பைண்ட் சயின்ஸ்தான் கிடைக்கிறது என்றாலும் பயப்பட வேண்டாம், நல்ல கிரேடு இருந்தால் அதை வைத்தும் ஏ லெவல் பிசிக்ஸ் போகலாம். ஹையர் டியர் மட்டும் கட்டாயம். டிராமா பிடித்திருந்தால் அதையும் எடுக்கட்டும், ஒன்றுக்காக இன்னொன்றை விட வேண்டியதில்லை. மின்னஞ்சலுக்கு இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால், பதிலின் தொனி சரியில்லாவிட்டால், நகலோடு எனக்கு எழுதுங்கள். அடுத்த கடிதத்தைச் சேர்ந்து எழுதுவோம்.

அப்புறம், மாமியாரின் பேட்ஜில் எந்த எழுத்துகள் இருந்தன என்று எனக்கும் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் கல்வி ஆலோசகர்